செகிரோ எப்போது பிடிபடும்? கேள்வி பதில்

'செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்' 2019 மார்ச் 22 அன்று வெளியான ஜப்பானிய கேம். உருவாக்கியது ஃப்ரம்சாஃப்ட்வேர், இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. அந்த வருடத்தின் கேம் அவார்ட்ஸில் 'ஆண்டின் சிறந்த கேம்' விருது இதற்குத்தான். ஈஸி, ஹார்ட் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இதில் கிடையாது. வாங்கிவிட்டு முதல் சில மணி நேரத்திலேயே மூடி வைத்தவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: ப்ரோ, "ஒரு இடத்துல பிடிபடும், அப்புறம் கண்ட்ரோலரை கீழ வைக்க மாட்டே"ன்னு எல்லாரும் சொல்றாங்க. எட்டு மணி நேரம் ஆடிட்டேன், எரிச்சல்தான் மிச்சம். எந்த இடம் அது?

பதில்: பெரும்பாலானவங்களுக்கு அது அஷினா கோட்டை உச்சியில நிக்கிற கெனிச்சிரோங்கிற பாஸ், அதாவது பெரிய எதிரி. காரணம் இருக்கு. அவருக்கு முன்னாடி வர்ற எல்லாருக்கும் ஏதோ ஒரு குறுக்கு வழி உண்டு. ஜெனரல் கவாராடாவைச் சுத்தி நிக்கிற வீரர்களை முடிச்சுட்டு பின்னாடி பதுங்கிப் போய்க் குத்தலாம். சங்கிலி ஓகருக்கு நெருப்புன்னா பயம். குதிரை மேல வர்ற கியோபுவுக்குப் பட்டாசு போட்டா குதிரை மிரண்டு நின்னுடும். இப்படி ஆடியே மூணு நாலு பாஸைத் தாண்டிடலாம். கேம் எதிர்பார்க்கிற சண்டையை ஒரு தடவைகூட போடாமலே கோட்டை உச்சிக்கு வந்து சேர்ந்துடுவீங்க.

கெனிச்சிரோகிட்ட அந்த வழியெல்லாம் சுருங்கிடும். தள்ளிப் போனா வில்லை எடுப்பார். கிட்ட இருந்தா வாளுக்கு வாள் பதில் சொல்லணும். அங்கதான் கை மாறும். பிடிபடுதுன்னு சொல்றதுக்கு ஒரே அடையாளம்தான்: உங்க கண் பாஸோட ஹெல்த் பாரை விட்டுட்டு, திரையின் மேல் நடுவுல இருக்கிற மஞ்சள் பாருக்குப் போயிருக்கும்.

இதுக்காகக் கெனிச்சிரோ வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பாழடைந்த கோயிலுக்கு வெளியே ஹன்பேய்னு ஒருத்தர் நிப்பார், சாகாத மனுஷன். அவர்கிட்ட பேசினா பயிற்சி கொடுப்பார். சும்மா அரை மணி நேரம் அவரோட டிஃப்ளெக்ட் மட்டும் பண்ணுங்க, அதாவது வெட்டு படுற நொடியில வாளால தட்டிவிடுங்க. இந்த கேம்ல மிகக் குறைவா பயன்படுத்தப்படுற நல்ல வசதி அதுதான்.

கேள்வி: அந்த மஞ்சள் பார் என்னன்னு தெளிவா சொல்லுங்கண்ணா. அது ஏறுது, இறங்குது, எனக்கு ஒண்ணும் புரியல.

பதில்: அதுக்குப் பேர் போஸ்ச்சர். எதிரியோட நிலை தடுமாற்றத்தைக் காட்டுற அளவு. நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் விரியும், நிரம்ப நிரம்ப சிவக்கும். முழுசா நிரம்பினா எதிரி நிலைகுலைவான், அவன் மேல சிவப்புப் புள்ளி தெரியும், ஒரே குத்துல முடிக்கலாம். ஹெல்த் பாதி மிச்சம் இருந்தாலும் கணக்கில்லை. உங்களுக்கும் இதே பார் திரையின் கீழ் நடுவுல இருக்கு.

இதுல முக்கியமான விதி ரெண்டு. முதலாவது, நீங்க விலகி நின்னா எதிரியோட போஸ்ச்சர் தானா இறங்கிடும். ரெண்டு அடி கொடுத்துட்டு ஓடிப்போய் மூச்சு வாங்குறவங்க, சம்பாதிச்சதை எல்லாம் திருப்பிக் கொடுத்துட்டு வர்றாங்க. உங்க எட்டு மணி நேரம் அங்கதான் போயிருக்கும். ரெண்டாவது, ஹெல்த் குறையக் குறைய போஸ்ச்சர் இறங்குற வேகமும் குறையும். அதனால ஆரம்பத்துல கிடைக்கிற இடத்துல எல்லாம் வெட்டி ஹெல்த்தைக் குறைங்க. பாதிக்குக் கீழ வந்ததும் விடாம ஒட்டி நில்லுங்க. அதுக்கப்புறம் ஏறின போஸ்ச்சர் லேசுல இறங்காது.

உங்க பார் ஏறிடுச்சுன்னா தடுக்கிற பட்டன் எல்1-ஐப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, இல்லேன்னா மெதுவா நடங்க. வாளைத் தூக்கிப் பிடிச்சிருந்தா உங்க போஸ்ச்சர் சீக்கிரம் இறங்கும். ஓடினா அந்தப் பலன் இல்லை.

கேள்வி: டிஃப்ளெக்ட் பண்ண எல்1-ஐ டபடபன்னு தட்டிக்கிட்டே இருக்கேன். சில சமயம் விழுது, சில சமயம் விழல. இது தப்பா?

பதில்: முழுத் தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அதுலயே நின்னுட்டா கேம் பிடிபடவே பிடிபடாது. தொடர்ந்து தட்டினா ஒவ்வொரு தட்டலுக்கும் கிடைக்கிற நேர இடைவெளி சுருங்கிக்கிட்டே போகும். அதாவது பதற்றத்துல தட்டுறவனுக்கு கேம் வேணும்னே கதவைச் சாத்துது.

ஒரு அடிக்கு ஒரு தட்டு. எதிரியோட வாள் உங்க மேல படுற நொடியில அழுத்துங்க, வாளை ஓங்குற நொடியில வேண்டாம். முந்தி அழுத்திட்டீங்கன்னா விரலை எடுக்காதீங்க. அது சாதாரணத் தடுப்பா மாறி உயிரையாவது காப்பாத்தும். விரலை எடுத்துட்டா நேரா வெட்டு.

சத்தத்தைக் கேளுங்க. சரியா விழுந்த டிஃப்ளெக்ட் 'ணங்'னு கூர்மையா ஒலிக்கும், பெரிய பொறி பறக்கும். வெறும் தடுப்புன்னா மந்தமான சத்தம், சின்னப் பொறி. இன்னொரு சலுகையும் இருக்கு: உங்க போஸ்ச்சர் பார் முழுசா நிரம்பியிருந்தாலும் சரியான டிஃப்ளெக்ட்டால அது உடையாது. வெறும் தடுப்புலதான் உடையும். பார் சிவந்த உடனே பயந்து ஓடுறவங்களுக்கு இது தெரியுறதில்லை.

கேள்வி: நான் வெட்டும்போது அவன் திடீர்னு திருப்பி வெட்டிடுறான். எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி, இதைக் கேட்டவங்க பாதிக் கிணறு தாண்டினவங்க. நீங்க வெட்டும்போது எதிரியும் தடுப்பான். மந்தமான சத்தத்தோட தடுத்தா இன்னும் வெட்டலாம். அவன் பக்கம் இருந்து அந்தக் கூர்மையான 'ணங்' வந்து, உங்க வாள் தட்டிவிடப்பட்டா உங்க முறை முடிஞ்சது. அடுத்த அடி அவனோடது. வெட்டுற பட்டன் ஆர்1-ல இருந்து விரலை எடுத்து எல்1-க்குப் போங்க. நீங்க டிஃப்ளெக்ட் பண்ணி அவன் அடிகள் ஓய்ஞ்சதும் திரும்ப உங்க முறை.

மிருதங்கமும் கஞ்சிராவும் தனி ஆவர்த்தனத்துல மாத்தி மாத்தி வாசிக்கிற மாதிரிதான். யார் முறைன்னு காது சொல்லிடும். பின்னணி இசையைக் குறைச்சு, எஃபெக்ட்ஸ் சத்தத்தைக் கூட்டி வச்சு ஒரு நாள் ஆடிப் பாருங்க.

கேள்வி: சிவப்பு ஜப்பானிய எழுத்து வந்தாலே கை நடுங்குது. வந்த உடனே குதிச்சிடுறேன், பாதி நேரம் செத்துடுறேன்.

பதில்: எழுத்தைப் பார்த்து எதையும் செய்யாதீங்க. 'ஆபத்து'ன்னுதான் அதுக்கு அர்த்தம், என்ன ஆபத்துன்னு அது சொல்லாது. எழுத்து வந்ததும் கண் வாளுக்குப் போகணும்.

வாளைப் பின்னுக்கு இழுத்து முனையை உங்க பக்கம் நீட்டினா அது குத்து. குதிச்சா காத்துலயே குத்து வாங்குவீங்க. ஸ்டிக்கை முன்னால தள்ளி, இல்லேன்னா எந்தப் பக்கமும் தள்ளாம, விலகுறதுக்கான வட்டம் பட்டனை அழுத்துங்க. மிகிரி கவுன்ட்டர்ங்கிற திறமையைக் கத்திருந்தா ஓநாய் (நீங்க ஆடுற நாயகன்) அந்த வாளையே காலால மிதிப்பான், எதிரிக்கு போஸ்ச்சர் எகிறும். ஸ்டிக்கைப் பக்கவாட்டுல தள்ளினா வெறும் விலகல்தான், மிகிரி வராது. முதல்ல சேர்ற ஸ்கில் பாயிண்ட்டை வேற எதுலயும் போடாம மிகிரிக்கே வச்சிடுங்க.

உடம்பைத் தாழ்த்தி வாளைத் தரையோட வீசினா அது கால் வாரல். அதுக்குத்தான் குதிக்கணும். குதிச்சு அவன் மேல இருக்கும்போதே இன்னொரு தடவை குதி பட்டனை அழுத்தினா தலையில மிதிப்பீங்க, அதுவும் போஸ்ச்சருக்கு நல்ல அடி. வெறுங்கையை நீட்டிப் பாய்ஞ்சா பிடி. அங்க மட்டும் விலகி ஓடுங்க.

கேள்வி: கெனிச்சிரோகிட்ட நாப்பது தடவை செத்தாச்சு அண்ணா. படிப்படியா சொல்லுங்க.

பதில்: சொல்றேன் தம்பி. முதல் அஞ்சு தடவை ஜெயிக்கணும்னு உள்ளே போகாதீங்க. ஆர்1-ஐத் தொடாம, அவர் அடிகளை டிஃப்ளெக்ட் மட்டும் பண்ணுங்க. அவருக்கு ஒரு நீண்ட தொடர் வீச்சு இருக்கு, நின்ன இடத்துல சுழன்று சுழன்று வெட்டுவார். அடிகளுக்கு நடுவுல இடைவெளி ஒரே அளவா இருக்காது. அந்தத் தாளம் விரலுக்கு ஏறணும். ஏறிட்டா, நாப்பது தடவை உங்களைக் கொன்ன அதே வீச்சு அவரோட போஸ்ச்சரை நிரப்புற பெரிய வரவா மாறிடும். அது வரணும்னு நீங்களே காத்திருக்க ஆரம்பிப்பீங்க.

அடுத்து, எழும்பிக் குதிச்சு மேல இருந்து வெட்டுவார். அதுக்கப்புறம் பெரும்பாலும் சிவப்பு எழுத்து வரும்: குத்தாவும் இருக்கலாம், கால் வாரலாவும் இருக்கலாம். நிறைய பேர் சாகுறது இங்கதான், ஏன்னா முன்கூட்டியே முடிவு பண்ணிடுறாங்க. மேல இருந்து வர்ற வெட்டை டிஃப்ளெக்ட் பண்ணிட்டு, கையைச் சும்மா வச்சு, வாளைப் பாருங்க. நேரம் போதும்.

தூரத்துல நின்னு குடுவையில மருந்து குடிக்காதீங்க, அம்பு வரும். அவர் ஒரு தொடரை முடிச்ச கையோட, கிட்ட இருந்தே குடிங்க.

ரெண்டு தடவை குத்தி முடிச்சதும் சண்டை முடியாது. மேல் அங்கியைக் களைஞ்சுட்டு மின்னலோட எழுந்து வருவார். அங்க பதறிடாதீங்க, மூணாவது கட்டத்துக்கு ஒரே குத்துதான்.

கேள்வி: அந்த மின்னலை எப்படித் திருப்பி அடிக்கிறது? தடுத்தாலும் செத்துடுறேன்.

பதில்: தரையில நின்னு தடுக்கவே கூடாது. மின்னல் கிளம்பும்போது குதிங்க, காத்துல இருக்கும்போது அது உங்க மேல படணும். பட்டதும், கால் தரையைத் தொடுறதுக்குள்ள ஆர்1. அவ்வளவுதான். மின்னல் அவருக்கே திரும்பிப் போகும், சில நொடி நடுங்கி நிப்பார், ஓடிப்போய் வெட்டலாம். தோத்துப் போறவங்க செய்ற பிழை ரெண்டு: சீக்கிரமே குதிச்சு, மின்னல் வரும்போது தரைக்கு வந்துடுறது, பட்டதும் அதிர்ச்சியில ஆர்1 அழுத்த மறக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு தடவை சாகும்போதும் காசு பாதி போகுது, கோயில்ல ஆளுங்க இருமுறாங்க. குற்ற உணர்ச்சியா இருக்கு.

பதில்: இருமல் டிராகன்ராட் நோய். அதனால யாரும் சாக மாட்டாங்க, அவங்க கிளைக்கதை கொஞ்ச நாள் நிக்கும், அவ்வளவுதான். குணப்படுத்துற சொட்டு மருந்து எண்ணிக்கையில குறைவு. பாஸைத் தாண்டின பிறகு பயன்படுத்துங்க, நடுவுல வேண்டாம். காசைப் பொறுத்தவரை, பாஸ்கிட்ட போறதுக்கு முன்னாடி வியாபாரிகிட்ட பணப்பையா மாத்திடுங்க. 110 சென் (கேம்ல காசுக்குப் பேர்) கொடுத்தா 100 சென் பை. பத்து நஷ்டம், ஆனா பை செத்தாலும் போகாது. முழுசா சேர்ந்த ஸ்கில் பாயிண்ட்டும் போகாது, அடுத்த பாயிண்ட்டுக்குச் சேர்ந்துக்கிட்டிருக்கிற அனுபவத்துலதான் பாதி போகும்.

கேள்வி: இதே ஃப்ரம்சாஃப்ட்வேரோட டார்க் சோல்ஸ் கேம் மூணும் முடிச்சவன் நான். இதுல மட்டும் ஏன் திணறுறேன்?

பதில்: அதனாலதான் திணறுறீங்க. அங்க உருண்டு தப்பிக்கிறதுதான் உயிர். இங்க ஓநாயோட விலகல் குட்டையானது, அந்தப் பாதுகாப்பு அதுல இல்லை. அங்க மாதிரி லெவல் ஏத்தி வலுவாகவும் முடியாது. ஜெபமணி நாலு சேர்ந்தா ஹெல்த்தும் போஸ்ச்சரும் கூடும், பெரிய பாஸோட நினைவு கிடைச்சா வெட்டு வலு கூடும், அவ்வளவே. ஒரு வாரத்துக்கு வட்டம் பட்டனை மிகிரிக்கு மட்டும்னு வச்சுக்குங்க.

ஸ்டாமினா பார் இங்க இல்லைன்னு கவனிச்சீங்களா? எத்தனை தடவை வெட்டினாலும் மூச்சு வாங்காது. விடாம அழுத்தம் கொடுன்னு கேம் சொல்ற விதம் அது.

கேள்வி: பழைய டிவியில ஆடுறேன். அழுத்துறதுக்கும் விழுறதுக்கும் நடுவுல தாமதம் இருக்கிற மாதிரி படுது.

பதில்: இருக்கலாம். டிவி செட்டிங்ஸ்ல கேம் மோடு இருந்தா போடுங்க, படத்தை வழவழப்பாக்குற வசதிகளை எல்லாம் அணைங்க. இந்த கேம்ல இது சின்ன விஷயமே இல்லை. பிசியில ஆடினா நொடிக்கு 60 ஃப்ரேம்தான் உச்சம். அது நிலையா நிக்கிற வரைக்கும் நிழல், எஃபெக்ட்ஸ் தரத்தைக் குறைங்க. ஃப்ரேம் ஏறி இறங்கினா தாளம் கெடும்.

கேள்வி: என் பையனுக்கு பன்னிரண்டு வயசு, இதைக் கேக்கிறான். வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம்மா. அமெரிக்க மதிப்பீட்டுல 17 வயசுக்கு மேல, ஐரோப்பிய மதிப்பீட்டுல 18. செட்டிங்ஸ்ல ரத்தத்தை அணைக்கலாம், ஆனா வெட்டும் குத்தும் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி: கெனிச்சிரோவை நேத்து ராத்திரி முடிச்சேன்! கடைசி கட்டத்துல ஒரு மருந்துகூட குடிக்கல. திரும்ப அவரோடயே ஆடணும்போல இருக்கு, வழி உண்டா?

பதில்: வாழ்த்துகள். உண்டு. 2020 அக்டோபரில் வந்த இலவச அப்டேட்ல அதைச் சேர்த்தாங்க. கேம் அப்டேட் ஆகியிருந்தா, ஓய்வெடுக்கிற எந்தச் சிற்பிச் சிலைகிட்ட உக்கார்ந்தாலும் ஏற்கெனவே ஜெயிச்ச பாஸ்களோட மறுபடி மோதுற தேர்வு இருக்கும். இந்தத் தடவை ஓநாயோட செயற்கைக் கையையும் மருந்துக் குடுவையையும் தொடாம, முதல் கட்டத்தை மட்டும் வாளால ஆடிப் பாருங்க. அப்புறம் சென்போ கோயில் பக்கம் போகும்போது ஒரு பெரிய மணி இருக்கும், இப்போதைக்கு அதை அடிக்காதீங்க. எதிரிகள் எல்லாரும் வலுவாகிடுவாங்க.