பர்மிட் நோட்டீஸ் வந்தால் நேரே ஹைகோர்ட்டா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். சொந்தமாக 12 சீட் மாக்ஸி கேப் ஓட்டுகிறேன். சந்தாபுரா, அத்திப்பள்ளி பக்கமிருந்து எலக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் கான்ட்ராக்ட். வழியில் சோதனை போட்டு, ஆளுக்கு ஆள் காசு வாங்கினேன் என்று செக் ரிப்போர்ட் எழுதிவிட்டார்கள். பர்மிட்டை ஏன் சஸ்பெண்ட் செய்யக்கூடாது என்று இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. ஹைகோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் பெரும்பாலும் ‘முதலில் பதில் கொடு’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நோட்டீஸ் இன்னும் உத்தரவு ஆகவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 86-ஆம் பிரிவின்படி, விளக்கம் கேட்காமல் பர்மிட்டை ரத்து செய்ய முடியாது. அந்த விளக்கத்தில்தான் கேஸே இருக்கிறது.

செக் ரிப்போர்ட், பயணிகளின் வாக்குமூலம் இரண்டின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். யார் எங்கே ஏறினார், எவ்வளவு கொடுத்தார், கையெழுத்து உண்டா என்று பாருங்கள். வெறுமனே ‘பயணிகள் இருந்தனர்’ என்றிருந்தால் அது குற்றமில்லை. மொத்த வண்டிக்கும் ஒரே ஒப்பந்தமா, தனித்தனிக் கட்டணமா என்பதுதான் கேள்வி. கம்பெனியின் ஒப்பந்தக் கடிதம், மாத பில், வங்கியில் பணம் வந்த விவரம், அன்றைய ஆள் பட்டியல் ஆகியவற்றைச் சேர்த்துப் பதில் கொடுத்து, அலுவலக முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கன்னடத்தில் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், அதையும் பதிலில் சொல்லுங்கள்.

நிறைய பேர் சறுக்குவது வேறு இடத்தில். பர்மிட் நிபந்தனையை மீறியதற்கான 192ஏ பிரிவு வழக்கில் கோர்ட்டுக்குப் போனதும், ‘10,000 ரூபாய் ஃபைனோடு ஒழியட்டும்’ என்று குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். ஆர்.டி.ஓ. அதையே பர்மிட் விசாரணையில் சாட்சியாக வைப்பார்.

உண்மையிலேயே வழியில் கைகாட்டியவர்களை ஏற்றிக் காசு வாங்கியிருந்தால், மறுத்து வாதாடாதீர்கள். சஸ்பென்ஷனுக்குப் பதில் ஒரு தொகை கட்ட 86(5) வழிவிடுகிறது. வண்டி நிற்கும் நாட்களின் நஷ்டத்தைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். வண்டி இன்னும் அவர்கள் பிடியில் இருந்தால், 207(2)-இன் கீழ் ஆவணங்களோடு விடுவிப்பு மனு கொடுங்கள்.

உத்தரவு வந்துவிட்டால் 89-ஆம் பிரிவில் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. காலக்கெடு உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து ஓடும், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அப்பீல் போட்டதாலேயே உத்தரவு நிற்காது. தடை மனு தனியாகப் போட வேண்டும்.

கேள்வி: என்னுடையது தமிழ்நாடு பதிவெண் கார். 30 நாளுக்கு மேல் பெங்களூருவில் ஓடினால் ஆயுள் வரி கட்ட வேண்டுமாமே?

பதில்: 2014-இல் வந்த அந்த 30 நாள் விதியை 2016-இல் கர்நாடக ஹைகோர்ட் செல்லாது என்றது. ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால், 47-ஆம் பிரிவின்படி புதுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, படிவம் 28, தேவை. கார் என்றைக்கு எல்லை தாண்டியது என்பதற்கு ஃபாஸ்டேக் விவரம் நல்ல ஆதாரம். பதிவெண் தர மறுத்தால், 57-ஆம் பிரிவில் 30 நாளுக்குள் அப்பீல்.