கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள்: வாசகர் கேள்வி-பதில்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் கிராமங்களில் சைக்கிள் ஓட்டியதைப் பற்றிப் போன இதழில் சில வரிகள்தான் எழுதியிருந்தேன். அமைதியான சாலை, மலை ஏறாமல் அடிவாரத்தோடு திரும்பிவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, ரொம்ப சந்தோஷம். பலரும் கேட்டதைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

நான் தேனியிலிருந்து குமுளி வரை ஓட்டினேன். வழியெல்லாம் லாரியும் பஸ்ஸும்தான், திராட்சைத் தோட்டமே அதிகம் கண்ணில் படவில்லை. அமைதியான சாலை என்று எதை வைத்து எழுதினீர்கள்? (மதுரை வாசகர்)

நீங்கள் போனது தேசிய நெடுஞ்சாலை. முதல் தடவை எல்லோரும் அதில்தான் போவோம், நானும் அப்படித்தான் போனேன். அடுத்த தடவை உத்தமபாளையத்தில் அந்த ரோட்டை விட்டுவிடுங்கள். முல்லைப் பெரியாற்றுக்குக் கிழக்கே ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஊர் ஊராகப் போகிற சின்ன ரோடு இருக்கிறது. நான் சொன்ன அமைதி அங்கேதான். இடது கைப் பக்கம் மேகமலைத் தொடர் கூடவே வரும், வலது கைப் பக்கம் நெல்லும் வாழையும் தென்னையும், நடுநடுவே திராட்சைப் பந்தல்.

வெளிநாட்டுப் படங்களில் திராட்சைக் கொடி வேலி மாதிரி வரிசை வரிசையாக நிற்கும். இங்கே அப்படி இல்லை. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே கொடியைப் படரவிட்டிருப்பார்கள். காரில் போகிறவருக்கு அது ஒரு பச்சைத் திட்டு, அவ்வளவுதான், நொடியில் போய்விடும். சைக்கிளில் மெதுவாகப் போனால்தான் பந்தலுக்கு அடியில் நடப்பது தெரியும். சுருளிப்பட்டிக்கு முன்னால் ஒரு நாள் காலை ஆறரை மணி இருக்கும், கால் ஊன்றி நின்று பார்த்தேன். நாலைந்து பெண்கள் கத்தரிக்கோலோடு கொத்துக் கொத்தாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தைக் காம்பில் மட்டும் பிடிக்கிறார்கள், பழத்தில் கை படுவதே இல்லை, பட்டால் மேலே இருக்கிற சாம்பல் நிறப் பூச்சு போய்விடுமாம், வியாபாரி விலையைக் குறைப்பாராம். வெடித்த பழத்தை மட்டும் கத்தரிக்கோல் முனையால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, செய்தித்தாள் விரித்த பெட்டியில் காம்பு மேலே பார்க்கிற மாதிரி அடுக்கினார்கள். இலைக்கு நடுவே விழுந்த வெயில் அவர்கள் முதுகில் புள்ளி புள்ளியாக இருந்தது. நான் பத்து நிமிஷம் நின்றேன், அந்த ரோட்டில் அதற்குள் கடந்துபோனது ஒரு பால்காரரும் ஒரு டிராக்டரும் மட்டும்தான்.

காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அமைதி என்பது ரோட்டை மட்டுமல்ல, மணியையும் பொறுத்தது.

எந்த மாதம் வரலாம்? ஜூலையில் லீவு கிடைக்கும். (கோவை வாசகர்)

ஜூலையில் வராதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அங்கே போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் கணவாய்கள் வழியாக இறங்கிப் பள்ளத்தாக்கில் அடிக்கும், தேனி மாவட்டத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அப்போது கம்பத்தை நோக்கி மிதித்தால் சமதரையே மலையேற்றம் மாதிரி இருக்கும், பக்கவாட்டில் அடித்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வேறு வழியில்லை என்றால் கம்பத்தில் தொடங்கி உத்தமபாளையம் நோக்கி வாருங்கள், ஓரளவுக்குக் காற்று முதுகில் இருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். மழை ஓய்ந்திருக்கும், காலையில் லேசாகக் குளிரும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. திராட்சை இருக்குமா என்று கவலைப்பட வேண்டாம். மற்ற ஊர்களில் சில மாதம்தான் அறுவடை, கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும், ஒருவர் கவாத்து செய்கிறபோது, அதாவது கொடியை வெட்டிவிடுகிறபோது, பக்கத்துத் தோட்டக்காரர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். ஏப்ரல், மே வெயில் வேண்டாம். சித்திரைத் திருவிழாவின்போது வீரபாண்டிப் பக்கமும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

மலையடிவாரத்தோடு திரும்பச் சொல்கிறீர்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு, மேலே கேரள எல்லையில் இருக்கிற குமுளியோ கம்பம்மெட்டோ ஏறாமல் வருவதா? (சென்னை வாசகர்)

ஆசை புரிகிறது, ஏறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த நேரத்தில் ஏறுகிறீர்கள் என்பது முக்கியம். கம்பம்மெட்டு ரோட்டில் விடிகாலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போகும், சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். அவர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், வளைவில் ஒரு சைக்கிளை எதிர்பார்க்க மாட்டார்கள். நமக்குச் சுகமான நேரமே அவர்களுக்கும் அவசரமான நேரம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் வேறு சேர்ந்துகொள்ளும், அந்த இரண்டு மாதமும் குமுளி மலைப்பாதையையும் கம்பம்மெட்டையும் விட்டுவிடுங்கள்.

என் பேச்சைக் கேட்டால், குமுளி மலையின் அடிவாரத்தில் இருக்கிற லோயர் கேம்ப் வரை போய்த் திரும்புங்கள். மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். 1895-இல் முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, அந்தக் குழாய்களில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு, முல்லைப் பெரியாறாகப் பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. கீழே இருக்கிற 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்தத் தண்ணீரை நம்பித்தான். அணையைக் கட்டிய இன்ஜினியர் பென்னிகுயிக்கின் மணிமண்டபம் அங்கேயே இருக்கிறது. இந்தப் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் அவர் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. காலையெல்லாம் வாய்க்கால் ஓரமாக மிதித்துவிட்டு அந்தக் குழாய்களைப் பார்க்கிறபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அதற்கு மேல் ஏறியே ஆக வேண்டும் என்று தோன்றியதில்லை.

மேகமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது புலிகள் காப்பகம், 2021-இல் அறிவித்தார்கள். வனத்துறையிடம் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

பன்னிரண்டு வயது மகளைக் கூட்டி வரலாமா? யானை பயம் இருக்கிறதா? (திருச்சி வாசகி)

தாராளமாகக் கூட்டி வாருங்கள். நான் சொன்ன கிராமத்து ரோட்டில் பெரிய ஏற்றம் கிடையாது, இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வரும், டீக்கடை இருக்கும், தண்ணீர் கேட்டால் எந்த வீட்டிலும் கொடுப்பார்கள். "எந்த ஊர் பாப்பா, சைக்கிள்லயா வந்தீக?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள், அதற்கும் நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து சுருளிப்பட்டி போய்த் திரும்புவது குழந்தைக்குப் போதும்.

யானை விஷயத்தை மறைக்க மாட்டேன். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்தது, அப்புறம் ராயப்பன்பட்டிக்கு மேலே சண்முகாநதி அணைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது, ஜூன் 5-ஆம் தேதிதான் பிடித்தார்கள். அது அன்றாடம் நடப்பது இல்லை. ஆனால் சுருளி அருவிப் பக்கம் யானை நடமாட்டம் என்று அடிக்கடி மூடுவார்கள். அதனால் அருவி ரோட்டிலும் அணை ரோட்டிலும் இருட்டோடு இருட்டாகவோ பொழுது சாய்ந்த பிறகோ போகாதீர்கள். ஊர் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், ராத்திரி எந்தத் தோட்டத்தில் யானை புகுந்தது என்பது காலை முதல் டீக்கே அங்கே தெரிந்திருக்கும்.

வழியில் திராட்சை பறித்துச் சாப்பிடலாமா? புவிசார் குறியீடு வாங்கிய திராட்சை அதுதானே? (ஈரோடு வாசகர்)

அதேதான், கம்பம் பன்னீர் திராட்சை, 2023-இல் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். கருநீலம், உள்ளே கொட்டை, வாயில் போட்டதும் பன்னீர் வாசம் தூக்கலாக வரும். கொட்டை இல்லாத திராட்சைக்குப் பழகினவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், ஒரு கொத்து முடிகிறபோது கேட்டுப் பாருங்கள்.

பறிக்க மட்டும் வேண்டாம். ஒரு கொத்துக்குப் பின்னால் கவாத்து செய்ததிலிருந்து நாலு மாத உழைப்பு இருக்கிறது, ஒரு மழை தப்பாகப் பெய்தால் பழம் வெடித்து மொத்தமும் போய்விடும். அப்படிப் போன தோட்டத்தின் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வந்தேன். வெட்டுகிற இடத்தில் நின்று விலை கேட்டு வாங்குங்கள். மருந்து அடித்திருப்பார்கள், நன்றாகக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். பந்தலுக்குள் ஸ்பிரேயர் சத்தம் கேட்டால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

கியர் சைக்கிள் கட்டாயமா? (விருதுநகர் வாசகர்)

இல்லை. அடிவாரத்தோடு நிற்பதென்றால் சாதாரண சைக்கிளே போதும். ரொம்ப ஒல்லியான டயர் மட்டும் வேண்டாம், கருவேல முள் நிறைய, ஸ்பேர் ட்யூபும் பம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். கியர் சைக்கிள் என்றால் வைக்கோலைப் பார்த்து ஓட்டுங்கள், பின் கியரில் சுற்றிக்கொண்டால் ஒவ்வொரு இழையாக உருவி எடுக்க அரை மணி நேரம் ஆகிவிடும்.