சாணைக்கல்லும் ஒயினும் – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

எம்.ஏ. பாடத்துல எங்களுக்கு டிக்கன்ஸோட 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' இருக்கு. பிரபுக்கள் பண்ண அக்கிரமத்தை அவ்ளோ கோவமா எழுதிட்டு, அதே ஜனங்க திருப்பி அடிக்க ஆரம்பிச்சதும் பேய் பிடிச்ச மாதிரி காட்டுறாரே, இது என்ன நியாயம்? அவரு யாரு பக்கம்?

– ஒரு மாணவர்

தம்பி,

காலேஜ்ல எனக்கும் இதே கோவம்தான். இப்ப மறுபடி படிக்கிறப்போ வேற ஒண்ணு கண்ணுல படுது, பிரெஞ்சுப் புரட்சி பத்தின நாவல்ல அந்தப் புரட்சித் தலைவருங்க ரொபெஸ்பியரோ டான்டனோ ஒரு பாத்திரமா கூட வரல, பசி இருக்கு பழி இருக்கு, நடுவுல அரசியல்னு ஒண்ணு இல்லவே இல்ல.

ஆரம்பத்துல ஒயின் பீப்பா உடையுற இடம் ஞாபகம் இருக்கா? கல்லு இடுக்குல தேங்குனதை ஆளுங்க கையால அள்ளிக் குடிக்கிறாங்க, பொம்பளைங்க தலைத்துணியை அதுல நனைச்சு குழந்தைங்க வாயில பிழியுறாங்க, ஒருத்தன் வண்டலைத் தொட்டு செவுத்துல 'ரத்தம்'னு எழுதுறான். அப்புறம் ரொம்ப நாள் கழிச்சு சாணைக்கல்லுல கத்தி தீட்டுறவனுங்க வாய்க்கும் பொம்பளைங்கதான் ஒயினைக் கொண்டு போறாங்க, இந்தத் தடவை ரத்தமும் சேர்ந்து சொட்டுது. பசிச்ச வாயைப் பார்த்து உருகுன மனுஷன் இங்க வந்து மிரண்டுட்டாரு.

மிரட்சிக்குக் காரணம் பாரிஸ் இல்ல, லண்டன். நாவல் வந்தது 1859-ல. அதுக்குப் பதினோரு வருஷம் முன்னாடிதான் சார்டிஸ்ட்டுங்கிற தொழிலாளர் இயக்கத்துக்காரங்க ஓட்டுரிமை கேட்டு லண்டன் கென்னிங்டன் மைதானத்துல கூடுனாங்க, அரசாங்கம் அரண்டு போயி ஸ்பெஷல் கான்ஸ்டபிள்னு ஆயிரக்கணக்குல ஆள் சேர்த்துச்சு. ஆனா கூட்டம்னாலே டிக்கன்ஸ் பேனாவுக்கு ஒரு வெறி வந்துரும், 1841-ல அவரே எழுதுன 'பார்னபி ரட்ஜ்' நாவல்ல லண்டன் நியூகேட் ஜெயில் எரியுற பக்கங்களைப் பாருங்க, திட்டிக்கிட்டே ரசிக்கிறாரு. இன்னொரு இங்கிலீஷ் நாவலாசிரியர் ட்ரொலோப்புக்கு இந்த வம்பே இல்ல, 1850-ல அதே புரட்சியை வெச்சு 'லா வாந்தே' நாவலை எழுதி நேரா ராஜா கட்சில போய் உக்காந்துட்டாரு (நான் பாதிலயே மூடி வெச்சுட்டேன்).

எனக்கு ஆறாதது, பழிவாங்கத் துடிக்கிற ஒயின் கடைக்காரம்மா மேடம் டெஃபார்ஜ் விஷயம். பிரபுக் குடும்பத்துக்காரங்க அவங்க அக்காவைச் சீரழிச்சு அண்ணனையும் கொன்ன கதையை, பாரிஸ் பாஸ்டில் ஜெயில் அறையில ஒளிச்சு வெச்ச கடுதாசி மூலமா டிக்கன்ஸே நமக்குச் சொல்றாரு. சொல்லிட்டு, அந்தம்மாவுக்கு என்ன சாவு குடுக்குறாரு பாருங்க, மிஸ் ப்ராஸ்ங்கிற இங்கிலீஷ்காரம்மாகூட மல்லுக்கட்டுறப்போ தன் துப்பாக்கியே வெடிச்சு செத்துப்போறாங்க. பரீட்சையில இதைப் பத்தி எழுதுங்க தம்பி, 'யாரு பக்கம்'ங்கிறதை விட இதுல பிடிச்சு எழுத நிறைய இருக்கு.