கையடக்க ஸ்கேனர் செய்கிறவர்களுக்கு: சில கேள்விகள், பதில்கள்

புதுச்சேரியில் எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். விலை குறைந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனர் ஒன்றை, அதன் வரைபடத்தை யாரும் எடுத்துச் செய்துகொள்ளும்படி, சில வருடங்களாக உருவாக்கி வருகிறேன். அதுபற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி (டிப்ளமோ மாணவர், கடலூர் முதுநகர்): கையளவு கருவிக்கு ஏன் அக்கா இவ்வளவு விலை? எதைக் குறைக்கலாம்?

பதில்: பணம் பெரும்பாலும் ப்ரோபில்தான், அதாவது உடம்பில் வைக்கும் பகுதியில்தான், போகிறது தம்பி. மருத்துவமனை ப்ரோபுக்குள் மின்சாரத்தை ஒலியாகவும் எதிரொலியை மின்சாரமாகவும் மாற்றும் பீசோ துண்டுகள் 128 வரிசையாக இருப்பது சாதாரணம். அத்தனைக்கும் ஒயர் இழுக்க வேண்டும், சர்க்யூட் வைக்க வேண்டும். நாம் ஒரே ஒரு பீசோ வில்லையை வைத்துச் சின்ன மோட்டாரால் இடவலமாக ஆட்டினால் ஒரு சேனல், அதாவது ஒரு செட் ஒயரும் சர்க்யூட்டும், போதும். பாரிஸில் தொடங்கிய எக்கோப்பன் என்ற திறந்த வரைபட ஸ்கேனர் திட்டத்தின் ஆரம்ப மாதிரிகளும் இப்படித்தான் இருந்தன. 15 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப ஒலிக்கு 195 மைக்ரோநொடி போதும், மோட்டார்தான் மெதுவு. அதனால் துடிக்கும் இதயத்துக்கு இது சரிவராது. சிறுநீர்ப்பை அப்படி அசையாது. அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, 0.52-ஆலும் பெருக்கினால் உள்ளே ஏறக்குறைய எத்தனை மில்லி என்று தெரிந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறுநீர் பிரியாமல் தவிப்பவருக்கு டியூப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்த ஓர் எண் பெரிய உதவி. முதலில் அந்த ஒரு வேலைக்காகச் செய்.

கேள்வி (லாஸ்பேட்டை): படத்தின் மேல்பக்கம் வெளிறிப்போகிறது, கீழே ஒரே இருட்டு.

பதில்: திசுவில் ஒலி, செ.மீ.க்கு மெகாஹெர்ட்ஸுக்கு அரை டெசிபல் அளவில் தேயும். 3.5 மெகாஹெர்ட்ஸில் 15 செ.மீ. போய்வர 50 டெசிபலுக்கு மேல் போய்விடும். எதிரொலி தாமதமாக வர வர ஆம்ப்ளிஃபயரின் கெயின் (பெருக்கும் அளவு) ஏறும்படி வையுங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவி, காலாப்பட்டு): உடம்பில் வைக்காமல் எப்படிச் சோதிப்பது?

பதில்: சைனா கிராஸைக் காய்ச்சிக் கொஞ்சம் ஆறவிட்டு, உறைவதற்குள் இசப்கோல் தூவிக் கலக்கும்மா. அந்தத் தூள் திசுவைப்போல ஒலியைச் சிதறடிக்கும். மெதுவாகக் கலக்கு, ஒரு காற்றுக்குமிழ் தங்கினாலும் அதன் கீழே நிழல் விழும். தண்ணீர் நிரப்பி முடிச்சிட்ட கையுறை விரல் ஒன்றை உள்ளே புதைத்தால் அதுதான் சிறுநீர்ப்பை; படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும். ஆழம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஊற்றும் டப்பாவின் குறுக்கே தூண்டில் நரம்பை ஒவ்வொரு செ.மீ. ஆழத்துக்கும் ஒன்றாக முன்பே கட்டிவிடு, கடலூர் துறைமுகத்துப் பக்கம் எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் முதன்முறை பார்த்தபோது 10 செ.மீ. ஆழத்தில் இருந்த நரம்பு 10.3-இல் தெரிந்தது. இரண்டு நாள் போர்டைப் பழித்தேன். தப்பு போர்டில் இல்லை: மென்பொருளில் திசுவுக்கான ஒலி வேகம், நொடிக்கு 1,540 மீட்டர், இருந்தது; சைனா கிராஸ் கலவை பெரும்பாலும் தண்ணீர், 25 டிகிரித் தண்ணீரிலோ ஒலி நொடிக்கு 1,497 மீட்டர்தான் போகும்.

கேள்வி (கிராமச் செவிலியர், பண்ருட்டிப் பக்கம்): கர்ப்பிணிகளுக்கு இதை வைத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாதும்மா. கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய கருவியை, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாத யாருக்கும் விற்கக் கூடாது, பயன்படுத்தக் கொடுக்கவும் கூடாது. பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது. நம் கருவி சின்னது, மலிவு என்பதாலேயே நாம் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பதிவுள்ள ஸ்கேன் மையத்தின் மருத்துவர் உடன் இல்லாமல் என் கருவி பட்டறையை விட்டு வெளியே போனதில்லை.

கேள்வி (வில்லியனூர்): புயல் சமயத்தில் கரண்ட் இல்லாவிட்டால் பவர் பேங்கில் ஓடுமா?

பதில்: ஓடும். ஆனால் சார்ஜரைச் சொருகியபடி யார் உடம்பிலும் வைக்காதீர்கள். இந்த வகைக் கருவியிலிருந்து நோயாளிக்குக் கசியும் மின்னோட்டம் சாதாரண நிலையில் 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது; கடையில் வாங்கும் சார்ஜரை நம்பி அந்த உறுதியைத் தர முடியாது.