கர்ப்பப்பையின் மின்துடிப்பை அளக்கும் ஒட்டுப்பட்டை: பிரசவம் எப்போது என்று அது சொல்லுமா?

கேள்வி: எனக்கு வயது 29. முதல் பிரசவம், இப்போது 33-வது வாரம். எடை 96 கிலோ. சென்ற வாரம் வயிறு அடிக்கடி இறுகியதால் மருத்துவமனைக்குப் போனேன். குழந்தையின் இதயத்துடிப்பையும் வலியையும் பதிவு செய்யும் சி.டி.ஜி. கருவியின் பெல்ட்டை மாற்றி மாற்றிக் கட்டியும் வலிக்கான கோடு நேராகவே ஓடியது. நர்ஸ் வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, 'இறுகத்தான் செய்கிறது' என்றார். பிறகு ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் என் நாத்தனாருக்குப் பிரசவத்தின்போது பெல்ட் கட்டவில்லையாம். வயிற்றில் பிளாஸ்டர் போல ஒன்றை ஒட்டி, கர்ப்பப்பையின் மின்சாரத்தை அளந்தார்களாம். அதனால் குழந்தைக்கு ஆபத்து உண்டா? வந்திருப்பது பொய்வலியா, நிஜ வலியா என்று அது சொல்லிவிடுமா? வீட்டிலேயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா? என் மாமியார், 'இது சூட்டு வலி, சீரகத் தண்ணீர் குடித்தால் நின்றுவிடும்' என்கிறார்.
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: ஆபத்து பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒட்டுப்பட்டை உங்கள் உடம்புக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை. கதிர்வீச்சும் இல்லை, ஸ்கேனில் இருப்பது போன்ற ஒலி அலையும் இல்லை. நெஞ்சில் ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கும்போது என்ன நடக்கிறதோ அதுவேதான் வயிற்றில் நடக்கிறது. உடம்பு தானாக உண்டாக்கும் மின்துடிப்பைக் கருவி தோலின் மேலிருந்து படித்துக்கொள்கிறது. குழந்தைக்கு இதனால் கெடுதல் வர வழியே இல்லை. பசை ஒட்டிய இடத்தில் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கலாம், அவ்வளவுதான்.

கர்ப்பப்பை பெரும்பாலும் தசையால் ஆனது. ஒவ்வொரு தசைச் செல்லும் சுருங்குவதற்கு முன்னால் அதில் ஒரு மின்துடிப்பு எழுகிறது. கர்ப்பத்தின் பெரும்பகுதியில் இந்தச் செல்கள் ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. அங்கொரு மூலையில், இங்கொரு மூலையில் இறுக்கம் வரும், போகும். பிரசவம் நெருங்கும்போது பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு இடையே நுண்ணிய இணைப்புகள் பெருமளவில் முளைக்கின்றன. கனடாவில் ராபர்ட் கார்ஃபீல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1977-ல் இதைக் கண்டு வெளியிட்டார்கள். இந்த இணைப்புகள் வந்த பிறகு ஓரிடத்தில் எழும் துடிப்பு கர்ப்பப்பை முழுவதும் பரவுகிறது. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது, எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் நகரும். கர்ப்பப்பை வாயைத் திறந்து குழந்தையைக் கீழே தள்ளுவதும் அப்படிச் சேர்ந்து எழும் சுருக்கம்தான்.

இந்தத் துடிப்பைத் தோலின் மேலிருந்து பிடிப்பது எளிதல்ல. வயிற்றின் மேல் கிடைப்பது சில பத்து மைக்ரோவோல்ட் முதல் சில நூறு மைக்ரோவோல்ட் வரைதான் (ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட்). அதன் வேகமும் குறைவு. பெரும்பகுதி ஒரு ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு ஓர் அலைக்கு, கீழேயே இருக்கும். தாயின் இதயத்துடிப்பு, மூச்சு, வயிற்றுத் தசையின் அசைவு எல்லாம் அதே பதிவில் கலந்து வரும். 1950-லேயே அமெரிக்காவில் ஸ்டீர், ஹெர்ட்ச் என்ற இருவர் பிரசவ வலியின்போது கர்ப்பப்பையின் மின்துடிப்பைப் பதிவு செய்து கட்டுரை வெளியிட்டார்கள். ஆனாலும் பிரசவ அறைக்குள் இது நுழைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கலந்து வருவதைப் பிரித்தெடுக்கும் கணினித் திறன் வந்த பிறகே அது முடிந்தது.

உங்களுக்குப் பெல்ட் ஏன் கைவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி.டி.ஜி.யில் இரண்டு வட்டுகளைக் கட்டுவார்கள். ஜெல் தடவி வைக்கும் வட்டு குழந்தையின் இதயத்துடிப்புக்கானது. மேல்வயிற்றில் ஜெல் இல்லாமல் கட்டும் இன்னொன்றுதான் வலியைப் பார்ப்பது. அதன் நடுவில் அழுத்தத்தை உணரும் ஒரு பகுதி இருக்கிறது. கர்ப்பப்பை இறுகி வயிற்றுச் சுவர் முன்னால் தள்ளும்போது அது அமுங்குகிறது, கோடு மேலே ஏறுகிறது. இடையில் கொழுப்பு தடிமனாக இருந்தால் அந்தத் தள்ளல் வட்டு வரை வந்து சேராது. அதனால்தான் நர்ஸின் கைக்குத் தெரிந்தது காகிதத்தில் விழவில்லை. உங்கள் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. அந்தக் கருவியின் எல்லை அது. பெல்ட் காட்டாததாலேயே வலி இல்லை என்று எந்த மருத்துவரும் முடிவு கட்டக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்னொன்று, லேபர் வார்டில் தினமும் பார்ப்பது. திரையின் கீழ்ப்பகுதியில் 0 முதல் 100 வரை ஓர் எண் ஓடும். கூட வந்தவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்து, 'வலி 90-க்குப் போய்விட்டது டாக்டர்' என்று பதறுவார்கள். பெல்ட்டை இரண்டு விரற்கடை இறுக்கினால் அதே வலி வேறு எண்ணைக் காட்டும். அந்த எண் வலியின் பலத்தைச் சொல்வதில்லை. வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நின்றது, பத்து நிமிடத்தில் எத்தனை வந்தது, இவை மட்டுமே பெல்ட்டிலிருந்து எடுக்கத் தக்கவை. உண்மையான அழுத்தம் தெரிய வேண்டுமானால் பனிக்குடம் உடைந்த பிறகு கர்ப்பப்பைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்த வேண்டும். உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில் கால்டெய்ரோ-பார்சியா என்ற ஆய்வாளர் கர்ப்பப்பைக்குள் அழுத்தத்தை அளந்துதான் 1950-களில் வலியின் பலத்தை அளக்கும் அலகை வகுத்தார். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பத்து நிமிடத்தில் வரும் வலிகளின் அழுத்தத்தைக் கூட்டி 200 அலகுகள் வந்தால் போதுமான வலி என்று கொள்கிறார்கள். ஆனால் குழாயை உள்ளே விடுவதில் தொற்று உள்ளிட்ட அபாயங்கள் உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான பெரிய ஆய்வில், எல்லாருக்கும் அதைப் போடுவதால் சிசேரியனோ ஆயுதப் பிரசவமோ (கருவியால் குழந்தையை எடுப்பது) குறையவில்லை என்று தெரிந்தது.

இந்த இடைவெளியில்தான் உங்கள் நாத்தனாருக்கு ஒட்டிய பட்டை உதவுகிறது. மின்துடிப்பு கொழுப்பைத் தாண்டும்போது வலுவிழக்கும் என்றாலும், வயிற்றுச் சுவரின் அசைவை நம்பியிருக்கும் பெல்ட்டைவிட நன்றாகவே பிடிபடுகிறது. உள்குழாயை அளவுகோலாக வைத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், பெல்ட் தவறவிட்ட வலிகளில் பலவற்றை மின்பதிவு கண்டுபிடித்தது. எடை கூடிய பெண்களிடம் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த மோனிகா நிறுவனத்தின் நோவி பட்டை இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. கம்பி கிடையாது, எழுந்து நடக்கலாம். குழந்தையின் ஈ.சி.ஜி., தாயின் ஈ.சி.ஜி., கர்ப்பப்பையின் துடிப்பு மூன்றையும் ஒரே பட்டை படிக்கிறது. தாயின் நாடியைக் குழந்தையின் துடிப்பென்று தவறாக எண்ணிவிடும் அபாயம் இதில் குறைகிறது. என்னைக் கேட்டால், வலியை எண்ணுவதற்குச் சமமான நன்மை இது.

பிரசவ நேரத்தில் வலியைச் சரியாக எண்ணுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, வலியைத் தூண்ட ஏற்றும் ஆக்சிடோசின் டிரிப் ஒன்றே போதும். வலி குறைவாக இருக்கிறதென்று டிரிப்பின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். உள்ளே வலி நிறைய வந்துகொண்டிருந்து, பெல்ட் அதைக் காட்டாமல் இருந்தால்? ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தம் தடைப்படுகிறது. இரண்டு வலிகளுக்கு நடுவிலுள்ள ஓய்வில்தான் குழந்தைக்கு ஆக்சிஜன் திரும்பக் கிடைக்கிறது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வரத் தொடங்கினால் அந்த ஓய்வு போதாமல் போகும். முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் விட்டுப்போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் உங்கள் முக்கியமான கேள்வி வேறு. இது பொய்வலியா, குழந்தை சீக்கிரம் பிறந்துவிடுமா என்று அந்தப் பட்டை சொல்லுமா? இன்றைய நிலையில், நம்பி முடிவெடுக்கும் அளவுக்குச் சொல்லாது. நோவி பட்டையே முதலில் நிறைமாதத்தில், ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும் பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் பயன்படுத்துவதற்காக அனுமதி பெற்றது. உங்கள் 33-வது வாரத்துக்கு அது பொருந்தாது. அதில் இன்னொரு தடையும் உண்டு. ஏறக்குறைய 28 முதல் 34 வாரம் வரை குழந்தையின் உடம்பைப் போர்த்தியிருக்கும் வெண்மெழுகுப் படலம் அதன் இதய மின்துடிப்பை வெளியே வரவிடாமல் மறைக்கிறது.

எத்தனை முறை இறுகுகிறது என்ற கணக்கால் குறைப்பிரசவத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது பெல்ட் காலத்திலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் 306 பெண்களை வீட்டிலேயே ஏறக்குறைய 35,000 மணி நேரம் கண்காணித்த ஆய்வு 2002-ல் வெளியானது. சீக்கிரம் பிரசவித்தவர்களுக்குச் சுருக்கங்கள் சற்று அதிகமாகத்தான் இருந்தன. ஆனால் இன்னாருக்கு நடக்கும், இன்னாருக்கு நடக்காது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

மின்பதிவில் ஆராய்ச்சியாளர்கள் நம்பிக்கை வைத்திருப்பது எண்ணிக்கையில் அல்ல. துடிப்பின் வேகம் கூடுகிறதா, கர்ப்பப்பை முழுக்க எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்ற தன்மைகளில்தான் அவர்கள் கண். பிரசவம் நெருங்க நெருங்க இவை மாறுவது உண்மை. ஆனால் இதைப் பற்றிப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் திரட்டப்பட்ட 300 பதிவுகள் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கின்றன. அவற்றில் குறைப்பிரசவத்தில் முடிந்தவை 38 மட்டுமே. இதை வைத்து, செயற்கை நுண்ணறிவால் 99 சதவீதம் சரியாகக் கணிக்கிறோம் என்றுகூடக் கட்டுரைகள் வந்தன. அந்த 38-ஐக் கணினியில் செயற்கையாகப் பெருக்கிவிட்டு, அதன் பிறகே பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்திருந்தார்கள். விடை தெரிந்த கேள்விகளே தேர்வில் வந்ததால் கிடைத்த மதிப்பெண் அது. பெல்ஜிய ஆய்வாளர்கள் 2021-ல் இதை வெளிப்படுத்தி, முறையாகச் செய்தால் கணிப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள். செயலி விளம்பரங்களில் இப்படிப்பட்ட சதவீதம் கண்ணில் பட்டால் நம்பி ஏமாறாதீர்கள்.

வீட்டுக்குக் கருவி வாங்க வேண்டாம். குறைப்பிரசவ ஆபத்துள்ள 2,422 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 1998-ல் வெளியான ஆய்வில், வீட்டில் தினமும் பெல்ட் கட்டிப் பார்த்தவர்களுக்கும், வாரம் ஒருமுறை நர்ஸிடம் பேசியவர்களுக்கும் குறைப்பிரசவத்தில் வித்தியாசம் இல்லை. கருவி கையில் இருந்தவர்கள் மருத்துவமனைக்கு ஓடியதுதான் அதிகம். இதைவிட எனக்குக் கவலை தருவது, கருவி 'ஒன்றுமில்லை' என்று காட்டியதை நம்பி ஒரு பெண் வீட்டிலேயே தங்கிவிடுவது.

உங்கள் கையே போதும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தொப்புளுக்கு மேலே விரல் நுனிகளைப் பரப்பி வையுங்கள். அழுத்தினால் மூக்கு நுனி போல் அமுங்கினால் லேசான இறுக்கம். தாடை போல் இருந்தால் நடுத்தரம். நெற்றி போல் அமுங்கவே மறுத்தால் பலமான வலி. பயிற்சி நர்ஸுகளுக்கும் இப்படித்தான் கற்றுத் தருகிறோம். தொடங்கிய நேரத்தையும் விட்ட நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வது 38-வது வாரத்தில் என்றால் நானும் ஆட்சேபிக்க மாட்டேன். சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. தண்ணீர் குடித்துப் படுத்தால் பொய்வலி பல நேரம் அடங்கிவிடும். 33-வது வாரத்தில் அடங்குகிறதா என்று காத்திருப்பதில்தான் ஆபத்து. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து முறைக்கு மேல் இறுகினாலோ, அடிமுதுகில் விட்டு விட்டு வலித்தாலோ, கீழே அழுத்துவது போலிருந்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே கிளம்பிவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்கே நேராகப் போவது நல்லது. அரசு மருத்துவமனைகளில் சீமாங் மையங்கள் (அவசரப் பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்குமான சிகிச்சை மையங்கள்) இதற்காகவே இருக்கின்றன. இப்போது பிறந்துவிடும் என்று தெரிந்தால் குழந்தையின் நுரையீரலைத் தயார்படுத்த டெக்ஸாமெத்தசோன் ஊசியை 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை போட வேண்டும். அது முழுமையாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். வீட்டில் காத்திருந்து கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஊசியின் கணக்கில் குறைகிறது.

மறுபடி இறுக்கம் வந்து மருத்துவமனைக்குப் போகும்போது, கர்ப்பப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். பலர் இதற்குத் தயங்குகிறார்கள், ஆனால் முறையாகச் செய்தால் குழந்தைக்கு ஆபத்து இல்லை. வலியோடு வந்தவருக்கு நீளம் 30 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அடுத்த சில நாட்களில் பிரசவிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 15-க்குக் கீழே போயிருந்தால் படுக்கையில் சேர்த்தாக வேண்டும். இன்று உங்கள் கேள்விக்கு எந்த மின்பதிவைவிடவும் தெளிவான பதில் இந்த ஸ்கேனில்தான் கிடைக்கும்.

பிரசவத்துக்குச் சேரும்போது, 'போன முறை பெல்ட்டில் வலி பதிவாகவில்லை' என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் லேபர் வார்டுகளில் பெரும்பாலும் பெல்ட்தான் நடைமுறையில் இருக்கிறது. டிரிப் ஏற்றினால், அரை மணிக்கு ஒருமுறையாவது யாரேனும் பத்து நிமிடம் வயிற்றில் கை வைத்து வலியை எண்ண வேண்டும் என்று கேட்கலாம்; அது உங்கள் உரிமை. ஒட்டுப்பட்டை உள்ள மருத்துவமனையில் சேர்வதாக இருந்தால், அன்று வயிற்றில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவாமல் போங்கள். ஒட்டுவதற்கு முன் தோலைச் சொரசொரப்பான தாளால் லேசாகத் தேய்ப்பார்கள். இறந்த செல்கள் போனால்தான் மைக்ரோவோல்ட் கணக்கிலான துடிப்பு பட்டைக்கு வந்து சேரும். சற்று எரியும். ஒரு நிமிட வேலைதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.