ரொறன்ரோவில் இலையெல்லாம் கொட்டிய பிறகு, நவம்பரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. "சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் இந்த ஆண்டுதான் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒக்டோபர் தொடக்கத்தில் யாராவது காரில் அல்கோன்குவின் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், சிவந்த மேப்பிள் மரங்களுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துத் தந்திருப்பார்கள். இப்போது குளிர்காலத்துக்காக இங்கே வழக்கமாகச் செய்வதுபோல மணிக்கூட்டையும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாகிவிட்டது. பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. பேஸ்மென்ட் ஜன்னலில் ஈரச் சருகு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சலிப்பு எனக்குத் தெரியும். என் முதல் இரண்டு நவம்பர்களும் அப்படித்தான் போயின.

மூன்றாவது நவம்பரில் எனக்கு நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு முடியும். ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டேன். தரிப்பிடத்தில் காற்று முகத்தை அறுத்தது. நடந்தாலாவது உடம்பு சூடாகும் என்று மோர்னிங்சைட் பூங்காவுக்குள் இறங்கினேன். இரண்டு ஆண்டுகளாக அதன் வாசலைப் பஸ்ஸில் கடந்துகொண்டிருந்தவன் நான். உள்ளே இவ்வளவு ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதோ, அதற்குள் ஹைலண்ட் கிறீக் என்ற ஓடை ஓடுவதோ எனக்குத் தெரியாது.

அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கரைக் கற்களுக்கு நடுவே ஒரு பெரிய மீனின் முள் கிடந்தது. கை நீளத்துக்கு வளர்ந்த சினூக் சல்மன் மீன்கள் செப்டம்பரிலும் ஒக்டோபரிலும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து இந்த ஓடையில் எதிர்நீச்சலிட்டு ஏறி, முட்டையிட்டு, இங்கேயே செத்துப்போகின்றன என்பதைப் பிற்பாடு அறிந்தேன். இடியப்பமும் கொத்துரொட்டியும் விற்கும் கடைகளுக்கு இத்தனை பக்கத்தில் இது நடக்கிறது!

ஆனால் அன்று என்னை நிறுத்தியது மீன் இல்லை. சரிவில் என்னைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு செடி, ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. அதன் கொப்பெல்லாம் மஞ்சள் நூல். ஏதோ பட்டத்தின் வால் சிக்கிக் கிழிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய், கையுறையைக் கழற்றித் தொட்டேன். பூ! ஒவ்வொன்றிலும் நான்கு இதழ்கள். விரல் நகத்தின் நீளம், நூலைவிடச் சற்றே அகலம், கசங்கிய ரிப்பன் போல நெளிந்திருந்தன. இதழ் ஓரங்களில் உறைபனி பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. அதே கொப்பில், பூவுக்குச் சற்றுக் கீழே, போன ஆண்டுப் பூவின் காய் வாய் பிளந்து வெறுமையாக இருந்தது.

நாயுடன் வந்த ஒரு முதியவர், நான் செடியின் முன் அசையாமல் நிற்பதைக் கண்டு பெயர் சொல்லிவிட்டுப் போனார். விச் ஹேசல். இந்த மண்ணுக்கே உரிய செடி. மற்றதெல்லாம் இலையை உதிர்த்துவிட்டு ஒடுங்கும் காலத்தில் இது பூக்கிறது. குளிரைத் தாங்கும் சில ஈக்களும் அந்துப்பூச்சிகளும் மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன. கரு உண்டாவது அடுத்த வசந்தத்தில்தான். காய் முற்ற இன்னோர் இலையுதிர்காலம் வரவேண்டும். முற்றிய காய் வெடித்து, கறுத்த விதையைப் பல மீற்றர் தூரம் எறியும். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. அன்றைக்குப் பிறகு நூலகத்தில் இருந்து வாசித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

"வாடகை கட்டவே வழியில்லாதவனிடம் பூப் பார்க்கச் சொல்கிறாயா" என்று யாராவது கேட்பார்கள். நானும் வாடகைக்கு ஓடியவன்தான். வசதியோடு வந்து குளிரை ரசித்தவன் இல்லை. என்னை அந்த வேலைக்கு அனுப்பிய ஏஜன்சி மூன்று சனிக்கிழமைகளின் சம்பளத்தை இன்றுவரை தரவில்லை. நடத்தியவர் நம் ஆள். தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். கேட்கப் போன ஒவ்வொரு முறையும் அடுத்த வெள்ளி என்றார். கையில் எந்தத் துண்டுக் காகிதமும் இல்லாததால் எங்கும் முறையிட முடியவில்லை. புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து வேலை செய்த மணித்தியாலங்களைத் தினமும் எழுதி வையுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த நவம்பரில் எனக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமல் போனதும், கேட்காத ஒன்று கிடைத்ததும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

பள்ளத்தாக்குக்குப் போக நேரமில்லை என்றால் தெருவையே பாருங்கள். கிங்கோ மரம் எங்காவது நின்றால் விட்டுவிடாதீர்கள். நல்ல உறைபனி விழுந்த காலையில் விசிறி போன்ற மஞ்சள் இலைகள் முழுவதையும் சில மணி நேரத்துக்குள் கொட்டிவிடும். நடைபாதை மஞ்சளாகிவிடும், மரம் மொட்டையாகிவிடும். ஓக் அப்படியில்லை. இளம் ஓக் மரங்கள் காய்ந்த இலையை வசந்தம் வரை பிடித்துக்கொண்டே இருக்கும். காற்றடித்தால் எங்கள் வளவுப் பனையோலை சரசரக்கும் ஓசைக்கு மிக நெருங்கிய ஓசை. மோர்னிங்சைட்டில் ஓர் ஓக்கின் கீழ் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்று எடுத்த விச் ஹேசல் படத்தை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். அங்கே கார்த்திகை மழை. வேலியில் கார்த்திகைப் பூ பூத்திருக்கிறது என்றார். இதுவும் அதுபோல நெளிந்த இதழ்தானே என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு, மணம் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூக்கு விறைத்திருந்த குளிரில் மணந்து பார்க்கவே தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ் சரியான நேரத்துக்கு வந்தது. ஏறாமல் மறுபடியும் பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் போனேன். வாயால் ஊதி ஒரு பூவின் பனியை உருக்கிவிட்டு மணந்து பார்த்தேன். இருந்தது, மிக மெலிதாக.