கன்டெய்னருக்குள் உடையும் ஆர்க்யுமென்ட்

கேள்வி: என் பைத்தான் ஸ்கிரிப்ட்டுக்கு --ஏரியா "பழைய வண்ணாரப்பேட்டை" என்று கொடுத்தால் லேப்டாப்பில் ஓடுகிறது. டாக்கரில் (நிரலைக் கன்டெய்னர் எனும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) மட்டும் ‘வண்ணாரப்பேட்டை’ தெரியாத ஆர்க்யுமென்ட் என்று எரர். ஏன்?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கன்டெய்னர் தொடங்கியதும் முதலில் ஓடும் என்ட்ரிபாயின்ட் ஷெல் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியைப் பாருங்கள். $@ (நீங்கள் தந்த ஆர்க்யுமென்ட்கள் எல்லாம்) மேற்கோள்குறி இல்லாமல் இருக்கும். இடைவெளி வந்த இடத்தில் ஷெல் வெட்டிவிடும். "$@" என்று மாற்றுங்கள். "$*" வேண்டாம், அது எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடும். அதே வரியின் தொடக்கத்தில் எக்ஸெக் (exec) சேர்த்தால், ஷெல்லின் இடத்தைப் பைத்தான் எடுத்துக்கொள்ளும், டாக்கர் ஸ்டாப் கொடுக்கும்போது நிறுத்தச் சொல்லும் சிக்னல் நேரே பைத்தானுக்குப் போகும். இல்லாவிட்டால் டாக்கர் வழக்கமாகக் காத்திருக்கும் 10 விநாடி வீண்.

பிறகு இமேஜை (கன்டெய்னர் உருவாகும் அச்சு) மறுபடி பில்ட் செய்யுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்!

ஆர்க்யுமென்ட் எதுவுமே உள்ளே வரவில்லையென்றால் அது வேறு கோளாறு: டாக்கர்ஃபைலில் (இமேஜை உருவாக்கும் குறிப்புக் கோப்பு) என்ட்ரிபாயின்ட்டைச் சதுர அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அந்த வடிவம், டாக்கர் ரன் கட்டளையில் இமேஜ் பெயருக்குப் பின்னால் தருவதைக் கண்டுகொள்ளாது.